இது எப்ப நிக்கும், மேடம்?

வேலைக்குப் போன காலத்தில் வீட்டை விட்டுக் கிளம்பும் முன் கேஸ் அடுப்பை மூன்று முறை பார்ப்பேன். ஒரு முறை குமிழ், ஒரு முறை சிலிண்டர், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து மறுபடி இரண்டும். என் கணவர் தாமஸ் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். இப்படி எதற்கெடுத்தாலும் பயப்படும் ஒருத்திக்கு, அந்தப் பயத்துக்காகவே ஓர் ஆய்வுக்கூடம் மாதாமாதம் சம்பளம் கொடுத்தது என்று சொன்னால் எங்கள் வீட்டு மனிதர்கள் யாரும் நம்புவதில்லை.

போன மாதம் சுமதி போன் செய்தாள். என்னோடு வேலை பார்த்தவள். இப்போது அந்த ஆய்வுக்கூடத்துக்கு அவள்தான் தலைவி. "மேரிக்கா, இங்க வந்திருக்கற புது பசங்க ஒண்ணு கேக்கறாங்க. இப்பல்லாம் கம்ப்யூட்டர்கிட்ட பேசுற மாதிரி கேட்டா அதுவே பிளான எழுதிக் குடுத்துடுது. நாலு வரி பிளானுக்கு நீங்க ஒரு வருஷம் ஒக்காந்தீங்களாமே, ஏன்னு கேக்கறாங்க. எழுதிக் குடுங்க, எங்க ஆண்டு மலர்ல போடறேன்" என்றாள். முதலில் கோபம் வந்தது. பிறகு, கேட்டது நியாயமான கேள்விதான் என்று பட்டது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் துறையைப் பொதுமைத் திட்டமிடல் என்று சொல்லிக்கொள்ளலாம். கூடத்தில் நாங்கள் பிளானிங் என்றுதான் சொல்வோம். ஒரு கணினியிடம் இப்போதைய நிலைமை இது, கடைசியில் இப்படி ஆகவேண்டும், நீ செய்யக்கூடிய காரியங்கள் இவை என்று சொன்னால், எதை முதலில் எதை அடுத்துச் செய்வது என்று அது வரிசைப்படுத்தித் தரும். அது சாதாரணத் திட்டம். ஐந்து பெட்டிக்குக் கேட்டால் ஐந்து பெட்டிக்குத் தரும். ஆறாவது பெட்டி வந்தால் மறுபடி முதலிலிருந்து யோசிக்கும். எங்களுக்கு வேண்டியது அது அல்ல. எத்தனை பெட்டி வந்தாலும், எப்படிக் கலைந்து வந்தாலும் செல்லுபடியாகும் ஒரே திட்டம் வேண்டும். அதையும் மனிதர் எழுதித் தரக்கூடாது. சில சின்ன உதாரணங்களைப் பார்த்துக் கணினியே கண்டுபிடிக்க வேண்டும். தோசை சுடுகிறவர் இருபது தோசைக்கு ஒரு வழி, இருபத்தொன்றுக்கு வேறு வழி என்று வைத்துக்கொள்வதில்லை. மாவு இருக்கும்வரை ஊற்று, திருப்பு, எடு. அவ்வளவுதான்.

இதில் என் வேலை கடைசிக் கட்டம். கணினி கண்டுபிடித்த திட்டம் எல்லா நிலைமையிலும் முடியுமா, இல்லை எங்காவது மாட்டிக்கொண்டு செய்ததையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்குமா என்று நான் சொல்ல வேண்டும். எல்லா நிலைமைகளையும் ஓட்டிப் பார்த்துவிட முடியாது, அவற்றுக்கு எல்லையே கிடையாது. யோசித்துத்தான் சொல்ல வேண்டும். அடுப்பை மூன்று முறை பார்க்கிறவளுக்கு ஏற்ற வேலைதான்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கணக்கில் ஒரு பட்டம், சென்னையில் கணினியில் ஒரு பட்டம், ஒரு கம்பெனியில் சம்பளக் கணக்கு போடும் புரோகிராம்களோடு சில வருடம். கல்யாணமாகிப் புதுச்சேரிக்கு வந்த பிறகு, லாஸ்பேட்டையில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன்.

அங்கே தலைவராக இருந்தவர் முசியே ழில்பேர். அவர் குடும்பத்தில் பாதிப் பேர் பிரான்சில். அவரும் அங்கே படித்து, வெகுகாலம் வேலை பார்த்து, பிறகு ஊருக்கே திரும்பி வந்தவர். எல்லோருக்கும் அவர் 'முசியே'தான், பிரெஞ்சில் 'ஐயா' என்பது போல. 'சார்' என்று கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுவதாக நினைத்துக்கொள்வார். என் சான்றிதழ்களை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. மேஜை டிராயரைத் திறந்து கேரம் காயின்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். நடுவில் எங்கோ சிவப்புக் காயின்.

"இந்தச் செவப்ப வெளிய எடுக்கணும். ஒவ்வொரு தடவையும் மேல இருக்கற ஒண்ணத்தான் தொடலாம். வழி சொல்லுங்க."

"செவப்புக்கு மேல காயின் இருக்கற வரைக்கும் மேல இருக்கறத எடுத்து ஓரமா வைக்கணும். அப்பறம் செவப்ப எடுத்துக்கலாம்."

"எத்தன காயின் இருந்தாலுமா?"

"எத்தன இருந்தாலும்."

"எது குறையுது?"

எனக்குப் புரியவில்லை. அவரும் விளக்கவில்லை. காயின்களைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, "செவப்புக்கு மேல இருக்கற காயினு. ஒவ்வொரு தடவையும் ஒண்ணு குறையுது. குறைஞ்சிகிட்டே போனா தீர்ந்துதான ஆவணும்" என்றேன்.

"போன்" என்றார். பிரெஞ்சில் 'நல்லது, சரி' என்று அர்த்தம். அவர் கையில் ஒரு பேனா திறந்தபடி இருந்தது. அதற்கு மூடியைப் போட்டுச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். வேலை கிடைத்துவிட்டது என்று அர்த்தம் என்பதே எனக்குத் தெரியாமல், "நான் கெளம்பட்டுங்களா முசியே?" என்று கேட்டேன்.

எல்லாவற்றுக்கும் அவர் பதில் 'போன்'தான். திட்டமாட்டார், பாராட்டமாட்டார், 'தப்பு' என்ற வார்த்தையை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. பார்க்க வேண்டியது பேனாவைத்தான். 'போன்' சொன்ன பிறகும் பேனா திறந்தே இருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது, போய்த் தேடு என்று பொருள். மூடியைப் போட்டுவிட்டால் தப்பித்தோம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு மாதம் ஆனது. சுமதி வந்த வாரமே கண்டுபிடித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் கூடத்தில் ஓர் ஆட்டம் நடக்கும். கணினி எந்தத் திட்டத்தைக் கண்டுபிடித்தாலும் அதை முதலில் காயின்களை வைத்துக் கையால் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது முசியேயின் சட்டம். ஒருவர் மெஷின், ஒருவர் வில்லன். காயின்கள் ஒவ்வொன்றிலும் மார்க்கரால் ஓர் எண் எழுதியிருக்கும். வில்லன் தன்னால் முடிந்த அளவுக்குக் கெட்ட எண்ணத்தோடு அவற்றைக் கலைத்து அடுக்க வேண்டும். மெஷினாக இருப்பவர் திட்டத்தில் எழுதியதை அப்படியே செய்ய வேண்டும், யோசிக்கக்கூடாது. கேட்பதற்குச் சுலபம், செய்வது கஷ்டம். திட்டம் தடுமாறும் இடத்தில் நம் கை தானாகவே உதவிக்குப் போய்விடும். காயினைச் சரியான இடத்தில் வைத்துவிட்டு, 'ஆகா, திட்டம் வேலை செய்கிறது' என்று நாமே மகிழ்ந்து போவோம். யோசிக்கத் தெரிந்தவர்கள் மட்டும் செய்யக்கூடிய தவறு அது.

வில்லன் வேடத்தில் சுமதியை மிஞ்ச ஆள் கிடையாது. மெஷின் வேடம் பெரும்பாலும் எனக்கு வரும். ஏன் என்று ஒருநாள் முசியேவிடமே கேட்டேன். "பயப்படறவங்க சொந்தப் புத்திய நம்பமாட்டாங்க மேரி. அதான் நல்ல மெஷின்" என்றார். பாராட்டா என்று இன்றுவரை தெரியவில்லை.

இனி அந்தப் புதுப் பிள்ளைகள் கேட்ட நாலு வரித் திட்டத்துக்கு வருகிறேன்.

தட்டாஞ்சாவடியில் தேவராசு ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். மில்களுக்கு உதிரிபாகம் செய்வதில் ஆரம்பித்த இடம். மில்கள் மூடியபின் கிடைத்த வேலையையெல்லாம் செய்து தாக்குப்பிடித்துக்கொண்டிருந்தார். மருந்து கோல்ட் ரூமுக்குள் பெட்டிகளை எடுத்து அடுக்கும் ஓர் இயந்திரக் கையை அவரே வடிவமைத்திருந்தார். குளிர் அறையில் இடம் கொஞ்சம்தான் இருக்கும் என்பதால் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டே அடுக்குகள், இடது ஒன்று, வலது ஒன்று. நடுவே ஒரே ஒரு பெட்டி வைக்கிற அளவுக்கு ஒரு பலகை. கலைந்த நிலையில் பெட்டிகள் இடது அடுக்கில் வரும். கை அவற்றை வலது அடுக்கில் மாற்றி வைக்க வேண்டும். காலாவதித் தேதி சீக்கிரம் வருகிற பெட்டி மேலே இருக்க வேண்டும். கை நன்றாக வேலை செய்தது. அதற்கு மூளைதான் வேண்டியிருந்தது. அதற்காக எங்களிடம் வந்தார்.

முசியே வெளியே போயிருந்த நேரத்தில் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "இது ஓடுச்சின்னா ஒர்க்‌ஷாப் இருக்கும் மேடம். இல்லன்னா பொங்கலோட மூடிட்டு, மச்சான் கூட திருப்பூர் போயிடலாம்னு இருக்கேன். ஆளுங்ககிட்ட இன்னும் சொல்லல. எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல."

அன்றிரவு எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. அதுவரை என் திட்டங்கள் முடியாமல் போனால் ஒரு கட்டுரை திரும்பி வரும், அவ்வளவுதான்.

கணினி கண்டுபிடித்துக் கொடுத்த திட்டம் இதுதான். இடது அடுக்கின் மேல் பெட்டியை எடுத்துப் பலகையில் வை. வலது அடுக்கின் மேலே அதைவிட முந்திய தேதியோ அதே தேதியோ உள்ள பெட்டி இருக்கும்வரை, அந்த மேல் பெட்டியை எடுத்து இடது அடுக்குக்கே திருப்பு. பிறகு பலகையில் இருப்பதை வலது அடுக்கில் வை. இடது அடுக்கு காலியாகும்வரை இப்படியே செய்.

வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் சுமதி எப்படிக் கலைத்துக் கொடுத்தாலும் வரிசை சரியாக வந்தது. "எது குறையுது?" என்றார் முசியே. அங்கேதான் வந்தது வினை. இடது அடுக்கில் இருக்கும் பெட்டிகள் குறைகின்றன என்று சொல்லலாம் என்றால், குறைந்த பெட்டிகளை நாமே அல்லவா திருப்பிக் கொண்டுபோய் வைக்கிறோம்? அது குறைகிறது, கூடுகிறது, மறுபடி குறைகிறது. தோசை சுடுகிறவர் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு மாவு ஊற்றிக்கொண்டே இருந்தால் அந்த அடுப்பை எப்போது அணைப்பது? சோதித்துச் சொல்வதற்கென்று எங்களிடம் இருந்த புரோகிராமும் 'உறுதி சொல்ல முடியாது' என்று கைவிரித்துவிட்டது. முசியேயின் பேனா மாதக்கணக்கில் திறந்தே கிடந்தது.

இதற்கு நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை விசித்திரமாக ஒன்று நடந்தது. ஏழு என்று எழுதிய காயின் தொலைந்துபோய், சுமதி புதுக் காயின் ஒன்றில் ஏழு எழுதிப் போட்டிருந்தாள். பழைய ஏழு பீரோவுக்கு அடியிலிருந்து கிடைத்து அதுவும் டப்பாவுக்குள் போய்விட்டது. அன்றைக்கு இரண்டும் ஒரே ஆட்டத்தில் வந்தன. நான் மெஷின். ஏழு எழுதிய காயின் ஒன்றைப் பலகையில் வைத்தேன். வலதின் மேலே இன்னொரு ஏழு, அதே எண், ஆகவே அதை இடதுக்குத் திருப்பினேன். பலகையில் இருந்த ஏழை வலதில் வைத்தேன். இப்போது இடதின் மேலே திருப்பி வைத்த ஏழு. அதைப் பலகைக்கு எடுத்தேன். வலதின் மேலே அதே எண். அதைத் திருப்பினேன். இந்த ஏழு போக அந்த ஏழு வர, கை வலிக்கும்வரை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன். சுமதி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எதுவும் குறையல முசியே" என்றேன்.

"காயினு ரெண்டு இருக்கு மேரிக்கா, பிளான் இன்னா பண்ணும் பாவம்" என்று சுமதி ஒரு ஏழை எடுத்து ஜன்னல் மேல் வைத்துவிட்டாள். ஆட்டம் மறுபடி ஒழுங்காக முடிந்தது. முசியே "போன்" என்றார். டீ ஆறிக்கொண்டிருந்ததால் அவர் பேனாவை நான் பார்க்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் லீவு. தவளக்குப்பத்தில் அக்கா வீட்டில் அவள் மகளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, வெள்ளை உடுப்பில் இருந்த பிள்ளைகளையெல்லாம் மாதா கோயில் வாசலில் உயரப்படி நிற்கவைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். வரிசை சரியாகி, போட்டோக்காரர் கண்ணை இடுக்கும்போது ஒரு நெட்டைப் பையன் ஓடி வருவான். அவனைவிடக் குட்டையான பிள்ளைகள் எல்லாம் வரிசையிலிருந்து இறங்குவார்கள். அவன் தன் இடத்தில் நிற்பான். இறங்கிய பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக அமைதியாக வந்து பழையபடி நிற்பார்கள். அப்புறம் இன்னொரு பெண் ஓடி வருவாள். மறுபடி இறக்கம், மறுபடி ஏற்றம். வெயிலில் எல்லோரும் சலித்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் உடம்பு சிலிர்த்தது.

கலாட்டா பண்ணுவது எப்போதும் புதிதாக வருகிற பிள்ளை. ஏற்கெனவே நின்று இறங்கியவர்கள் திரும்பி வரும்போது யாரையும் கிளப்புவதில்லை. ஆக, எது குறைகிறது? இன்னும் ஒரு முறைகூட வரிசையில் நிற்காத பிள்ளைகள். அது குறையுமே தவிர ஒருபோதும் கூடாது. பலகையை இன்னும் தொடாத பெட்டிகள் அப்படித்தான். இடது அடுக்கு எவ்வளவு ஏறி இறங்கினாலும் சரி, அது தீர்ந்தால் வேலை தீர்ந்தது.

திங்கட்கிழமை கூடத்துக்குள் நுழையும்போதே பேச ஆரம்பித்தவள் மதியம்வரை நிறுத்தவில்லை. போர்டு நிறையப் பிள்ளைகளை வரைந்தேன். சுமதி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "இரு சுமதி, முடிச்சிடறேன்" என்றேன். முசியே "போன்" என்றார். பேனாவின் மூடி 'கிளிக்' என்று ஏறியது. அந்தச் சின்னச் சத்தத்துக்கு நான் எத்தனை மாதம் காத்திருந்தேன் என்று சொன்னால் யாருக்கும் புரியாது. அன்று ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போகும்போது வழி நெடுகத் தாமஸிடம் பாட்டுப் பாடிக்கொண்டு போனேன்.

சில மாதம் கழித்துத் தேவராசுவின் ஒர்க்‌ஷாப்பிலேயே ஒரு கோல்ட் ரூம் கட்டி முடித்து, கண்ணாடி ஜன்னல் வைத்து, வாங்க வருபவருக்குக் காட்டும் நாள் வந்தது. வந்தவர் சம்பந்தம், மொத்த மருந்து வியாபாரி. பரிசோதனைக்கு என்று தன் கிடங்கிலிருந்தே பெட்டிகளைக் கலைத்து ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். முசியே, சுமதி, நான் மூவரும் போயிருந்தோம். ஒர்க்‌ஷாப் ஆட்கள் லேத்தையெல்லாம் நிறுத்திவிட்டுச் சுவரோரம் நின்றார்கள். அவர்களுக்கு இது ஒரு வேடிக்கை. தங்களைப் பற்றியது என்று அவர்களுக்குத் தெரியாது.

கை வேலை செய்ய ஆரம்பித்தது. ஒவ்வொரு பெட்டியின் தேதியையும் படித்துத் திரையில் காட்டியது. கொஞ்ச நேரம் எல்லோரும் ஆர்வமாகப் பார்த்தார்கள். பிறகு, வலது அடுக்கில் வைத்த பெட்டிகளை அது இடது அடுக்குக்கே திருப்பிக் கொண்டுபோவதைச் சம்பந்தம் கவனித்துவிட்டார்.

"இன்னாங்க இது, வச்சத எடுத்து வைக்கிது, எடுத்தத வைக்கிது. பைத்தியம் புடிச்ச மாதிரி இருக்கு. இது எப்ப நிக்கும், மேடம்?"

"நிக்கும் சார். கண்டிப்பா நிக்கும்" என்றேன். வாழ்நாளில் இவ்வளவு துணிச்சலாக நான் எதையும் சொன்னதில்லை. பலகையைத் தொடாத பெட்டிகளைப் பற்றி விளக்கினேன். புதுநன்மைப் போட்டோவைக்கூடச் சொன்னேன். அவர் தலையாட்டினார், நம்பிய மாதிரி தெரியவில்லை. தேவராசு சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அதை அமுக்கினால் கை இருந்த இடத்திலேயே உறைந்துவிடும். அன்றைய காட்சியும் முடிந்துவிடும்.

அப்போதுதான் திரையைப் பார்த்தேன். வலது அடுக்கின் மேலே ஒரு பெட்டி, இடது அடுக்கின் மேலே ஒரு பெட்டி. இரண்டுக்கும் ஒரே காலாவதித் தேதி.

ஒரே நாளில் தயாரான மருந்துப் பெட்டிகளுக்கு ஒரே தேதி இருக்கும். மருந்துக்கடையில் இரண்டு அட்டை மாத்திரை வாங்கியிருக்கிற யாருக்கும் தெரிந்த விஷயம். நாங்களோ ஒர்க்‌ஷாப் சோதனைக்குக்கூட வெவ்வேறு எண் ஒட்டிய காலிப் பெட்டிகளைத்தான் கொடுத்திருந்தோம். இரண்டு ஏழு வந்தபோது காயினை எடுத்து ஜன்னல் மேல் வைத்தோமே தவிர, திட்டத்தில் இருந்த 'அதே தேதியோ' என்ற வார்த்தையைத் தொடவில்லை. இனி இந்தப் பெட்டி போக அந்தப் பெட்டி வர, யாராவது பொத்தானை அமுக்கும்வரை கை ஆடிக்கொண்டே இருக்கும். சம்பந்தம் எழுந்து போவார். பொங்கலுக்கு இந்தச் சுவரோரம் யாரும் இருக்கமாட்டார்கள்.

மறைக்க மனம் வரவில்லை. தேவராசுவின் பக்கத்தில் போய், "ஒரு சந்தேகம் வந்திடுச்சி. இந்தப் பெட்டியில கை நிக்காம சுத்தினாலும் சுத்தும்" என்று காதோடு சொன்னேன்.

அவர் விரல் பொத்தானுக்குப் போனது. "அமுக்கட்டுங்களா மேடம்?"

"இருங்க. இந்த இடது பெட்டியப் பலகையில வைக்கும். வச்சிட்டு நேரா அந்த வலது பெட்டியத் தூக்கிச்சின்னா அமுக்கிடுங்க. பலகையில இருக்கறதத் தூக்கிச்சின்னா விட்டுடுங்க."

முசியேவைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடி வழியே சாதாரணமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பேனா மூடிபோட்டுச் சட்டைப்பையில் இருந்தது. இந்த நேரத்தில்கூட இந்த மனுஷனுக்குப் பதற்றம் வராதா என்று எரிச்சலாக இருந்தது.

கை இடது பெட்டியைத் தூக்கிப் பலகையில் வைத்தது. நின்றது. வலது பக்கம் நகர்ந்தது. தேவராசுவின் விரல் பொத்தானின் மேல் இருந்தது. கை வலது அடுக்கின் மேல் பெட்டியின் தேதியை இன்னொரு முறை படித்தது. அப்படியே திரும்பி வந்து, பலகையில் இருந்ததைத் தூக்கி, வலது அடுக்கின் மேல் அலுங்காமல் வைத்தது. அடுத்த பெட்டிக்குப் போனது.

நான் ஒரு கள்ளிப்பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒரே தேதி எத்தனை முறை வந்தது என்று எண்ணவில்லை; ஒரு முறைகூடத் தடுமாறவில்லை. இடது அடுக்கு காலியானது. கை தன் மூலைக்குப் போய் நின்றது. சம்பந்தம் எழுந்து கண்ணாடியில் மூக்கு படும்படி நின்று தேதிகளை மேலிருந்து கீழ்வரை படித்துப் பார்த்தார். "இன்னொரு தடவ கலச்சி உடுங்க, பாப்போம்" என்றார். வாங்கப் போகிறவரின் குரல் அது. சுவரோரம் நின்றவர்களுக்கும் புரிந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் வைத்து முசியேவைப் பிடித்துக்கொண்டேன். "அதே தேதி வந்தா சுத்தணுமே முசியே. ஏன் சுத்தல?"

"சுமதி கொடுத்த ரெண்டு ஏழையும் உதாரணத்துல சேத்தேன் மேரி. கம்ப்யூட்டர் திரும்பக் கத்துகிச்சி. 'அதே தேதி'ன்ற வார்த்த போயிடுச்சி. முந்தின தேதியா இருந்தா மட்டும் திருப்பும்."

"எப்ப?"

"நீங்க லீவு போட்ட வெள்ளிக்கெழம."

சுமதியிடம் திரும்பினேன். "உனக்குத் தெரியுமாடி? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"திங்கக்கெழம சொல்லத்தான் மேரிக்கா வந்தேன். நீங்க எங்க சொல்ல உட்டீங்க? போர்டு பூரா புள்ளைங்களா வரைஞ்சீங்க. அப்பறம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சிட்டேன்."

கோபப்படத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வந்துவிட்டது. திட்டம் மனப்பாடமாக இருந்ததால் அதைத் திரும்ப வாசிக்கத் தோன்றவில்லை எனக்கு. என் நிரூபணத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. புதிய திட்டத்துக்குத்தான் அது இன்னும் நன்றாகப் பொருந்தியது. கோயில் வாசலில் ஒரே உயரமுள்ள இரண்டு பிள்ளைகள் ஒருவரை ஒருவர் இறங்கச் சொல்லவில்லை, பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் நின்றிருக்கிறேன்.

தேவராசு குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழுவினார். துண்டால் துடைத்துக்கொண்டு வந்து, உள்ளே இருந்த ஆட்களை ஒருமுறை பார்த்தார். "ஆளுங்ககிட்ட சொல்றதுக்கு இப்ப ஒண்ணும் இல்ல மேடம்" என்றார்.

புதுப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். சுமதி கூப்பிட்டுப் போய் அந்தப் பேசும் கணினியை எனக்குக் காட்டினாள். நான் ஒரு வருடம் உட்கார்ந்த திட்டத்தை அது கண்மூடித் திறப்பதற்குள் எழுதிக் கொடுத்தது. எது குறைகிறது என்று கேட்டேன். அதற்கும் ஒரு பதிலை அழகாக எழுதிக் கொடுத்தது. பதில் சரியாகவும் இருக்கலாம். சுமதியிடம் ஒரு பேனா வாங்கித் திறந்து வைத்துக்கொண்டு, அந்த இரண்டு ஏழு காயினையும் கொண்டுவா என்றேன். அவள் அந்தக் காயின்களை இன்னும் வைத்திருக்கிறாள். அன்று மதியம் முழுவதும் பேனாவை நான் மூடவில்லை, கடைசியில் மூடினேன். அந்த மதியத்துக்குத்தான் பிள்ளைகளே, எங்களுக்குச் சம்பளம்.

நான் ஓய்வு பெற்ற அன்று தேவராசு கூடத்துக்கு வந்திருந்தார். மீசை நரைத்திருந்தது. கையில் காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தால், உள்ளங்கை அளவு சிவப்புப் பொத்தான் ஒன்று. அந்த முதல் மெஷினுக்குப் புதுப் பேனல் போட்டபோது பழையதைக் கழற்றி வைத்திருக்கிறார்.

"டெஸ்ட்டுக்கு அமுக்கினதோட சரி மேடம். பயந்துகிட்டு ஒரு தடவகூட யாரும் அமுக்கல."

அதை வீட்டு ஷோகேஸில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். வைப்பதற்கு முன், யாரும் பார்க்காதபோது ஒருமுறை அமுக்கிப் பார்த்தேன். டக்கென்று சத்தம் கேட்டது. எதுவும் நிற்கவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, வாசலில் தாமஸ் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்து வைத்திருந்தார். அடுப்பை ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினேன்.